மாமா தரும் வீடா, பாண்ட் போட்டு வாங்கும் வீடா? கையில் 85,000 ராண்ட்

பேவியூ_27
2 டிசம்பர் 2025, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 27. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பேவியூவில் ஒரு வீட்டின் பின்பக்க அவுட்பில்டிங்கில் அம்மாவும் நானும் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 4,800. கணக்குப் பிரிவில் வேலை, பிடித்தம் போவதற்கு முன் சம்பளம் 20,000. அப்பா தவறிவிட்டார், அம்மாவுக்கு வருமானம் கிடையாது. ஐந்து வருஷம் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது 85,000 ராண்ட். கடன் இல்லை, கார் இல்லை.

இப்போது இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, ஃபீனிக்ஸில் பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய இரண்டு அறை வீடு, 650,000. டெபாசிட்டே வேண்டாம், முழுத் தொகைக்கும் பாண்ட் (பாங்கின் வீட்டுக் கடன்) கிடைக்கும் என்கிறார் ஏஜென்ட்.

இன்னொன்று என் மாமா. வெஸ்ட்கிளிஃபில் தாத்தாவின் வீட்டில் இருக்கிறார். ஆயா (பாட்டி) முன்பே போய்விட்டார், தாத்தா 2011-இல் காலமானார். மாமா இப்போது மகனோடு ஜோஹன்னஸ்பர்க் போகிறார். "வெளியாளுக்குக் கொடுக்க மனசில்லை. நீ 380,000 கொடு. 80,000 இப்போ, மிச்சத்தை மாசம் 4,000-ஆகக் கட்டு. வக்கீல், பாங்க் ஒண்ணும் வேண்டாம். போலீஸ் ஸ்டேஷன்ல அஃபிடவிட் போட்டு முத்திரை குத்தி வாங்கிக்கலாம்" என்றார். கணக்குப் போட்டேன், ஆறே கால் வருஷத்தில் முடிந்துவிடும். அம்மா வளர்ந்த வீடு அது. கேட்டதிலிருந்து அவர் முகமே மாறிவிட்டது.

வெள்ளிக்கிழமை பணத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். எது சரி என்று சொல்லுங்கள்.

ஃபீனிக்ஸ்_பையன்
2 டிசம்பர், இரவு 10.25

தங்கச்சி, அந்த 650,000 வீட்டைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன், ஏனென்றால் அதே கதையில் நான் 2023-இல் மாட்டினேன்.

முழுத் தொகைக்கும் பாண்ட் என்றால் கைக்காசே வேண்டாம் என்று நினைத்தேன். வக்கீல் இரண்டு பேர் வருவார்கள். பெயர் மாற்றும் வக்கீலை விற்பவர் தேர்ந்தெடுப்பார், கூலி நாம் தர வேண்டும். பாண்டைப் பதிவு செய்யும் வக்கீலை பாங்க் வைக்கும், அதற்கும் நாம்தான். என் வீடு 590,000. இரண்டு பில்லும் சேர்ந்து 47,000 சொச்சம் வந்தது. பாங்கின் தொடக்கக் கட்டணம் 6,037.50 தனி. டிரான்ஸ்ஃபர் டியூட்டி மட்டும் இல்லை. 2025 ஏப்ரலிலிருந்து 1,210,000 வரையுள்ள வீட்டுக்கு அந்த வரி கிடையாது, ஆகவே உங்களுக்கும் வராது.

குடிபோன மூன்றாவது வாரம் கீசர் வெடித்தது. கையில் மிச்சம் 2,000. அண்ணனிடம் கடன் கேட்டு நின்ற அந்த இரவை இன்னும் மறக்கவில்லை. ஆகையால் உங்கள் 85,000-இல் 55,000 வக்கீலுக்கும் பாங்குக்கும் போய்விடும் என்று இப்போதே எழுதி வையுங்கள்.

மாதக் கட்டுக்கு வருவோம். இப்போது பிரைம் (பாங்க் கடன்களுக்கு அடிப்படை வட்டி) 10.25 சதவீதம். 650,000-ஐ 20 வருஷத்துக்குப் போட்டால் மாதம் 6,380. பாங்க் பெரும்பாலும் மொத்தச் சம்பளத்தில் 30 சதவீதம் வரைதான் பார்க்கும், உங்களுக்கு அது 6,000. அதற்குள் அடக்க 30 வருஷமாக நீட்டித் தருகிறேன் என்பார்கள். மாதம் 5,825 ஆகும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 20 வருஷத்தில் மொத்தம் சுமார் 15,31,000 கட்டுவீர்கள், 30 வருஷத்தில் சுமார் 20,97,000. மாதம் 555 ராண்ட் மிச்சம் பிடிக்க ஐந்தரை லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டுகிறீர்கள். வட்டியும் நின்ற இடத்தில் நிற்காது. நான் வாங்கிய வருஷம் பிரைம் 11.75-க்குப் போய், அடுத்த வருஷம் செப்டம்பர் வரை இறங்கவே இல்லை. அந்த வட்டியில் உங்கள் கட்டு 7,044. ரேட்ஸ் (நகராட்சி வீட்டு வரி), தண்ணீர், இன்ஷூரன்ஸ் எல்லாம் இதற்கு மேல்.

என்னைக் கேட்டால் மாமா சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தத்தில் இந்த விலைக்கு யாருக்குக் கிடைக்கும்?

பத்திர_அக்கா
2 டிசம்பர், இரவு 11.10

பாப்பா, வெள்ளிக்கிழமை பணம் கொடுக்காதே. இதை மட்டும் படித்துவிட்டுத் தூங்கு, மிச்சத்தைக் காலையில் எழுதுகிறேன்.

பத்திர_அக்கா
3 டிசம்பர், காலை 6.30

நான் வக்கீல் இல்லை. டர்பனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பெயர் மாற்றப் பிரிவில் 16 வருஷமாக வேலை பார்க்கிறேன். உன் மாமா சொன்னதைப் போன்ற காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து அழுதவர்களை எண்ணி முடியாது. அவர்களில் பாதிப் பேர் நம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் ஆட்கள்தான்.

போலீஸ் ஸ்டேஷன் முத்திரை ஒன்றைத்தான் காட்டும்: நீ போலீஸ்காரர் முன்னால் சத்தியம் செய்தாய். வீடு அதனால் ஒரு அங்குலம்கூட நகராது. இந்த நாட்டில் வீடு யாருடையது என்பதைச் சொல்வது டீட்ஸ் ஆஃபீஸ், அதாவது பத்திரப் பதிவு அலுவலகம். க்வாசுலு-நட்டாலுக்கு அது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. அங்கே பதிவாகிற நாளில்தான் வீடு கை மாறுகிறது. கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். தேடினால் உன் தாத்தா பெயர்தான் வரும் என்று நினைக்கிறேன்.

அப்படியென்றால் விற்பவர் மாமா இல்லை, தாத்தாவின் எஸ்டேட், அதாவது அவர் விட்டுச்சென்ற சொத்து. அதன் சார்பில் கையெழுத்துப் போட, மாஸ்டர் ஆஃபீஸ் (இறந்தவர் சொத்துகளைக் கவனிக்கும் அரசு அலுவலகம்) கடிதம் கொடுத்து நியமிக்கும் எக்ஸிக்யூட்டருக்கு (சொத்தைப் பொறுப்பேற்றுப் பிரித்துக் கொடுப்பவர்) மட்டுமே உரிமை. மூத்த பிள்ளையாக இருந்தாலும், 14 வருஷம் அங்கேயே குடியிருந்தாலும், அந்தக் கடிதம் இல்லாமல் மாமாவால் விற்க முடியாது.

அடுத்தது தவணை. வீட்டு விலையை ஒரு வருஷத்துக்கு மேல் தவணையாகக் கட்டுவதென்றால், 1981-ஆம் வருஷச் சட்டப்படி அந்த ஒப்பந்தத்தைப் பத்திரத்தின் மேல் பதிய வேண்டும். பதிகிற வரை விற்பவர் ஒரு காசு வாங்கக் கூடாது. வாங்குபவர் பாதி விலை கட்டியதும், மிச்சத்துக்குப் பாண்ட் போட்டுப் பெயரை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கவும் அதே சட்டத்தில் உரிமை இருக்கிறது. கட்டிக்கொண்டே இருந்து கடைசியில் தெருவுக்கு வந்தவர்களுக்காகப் போட்ட சட்டம் அது. முத்திரைக் காகிதத்தில் இந்தப் பாதுகாப்பு ஒன்றும் உனக்கு வராது.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். தாத்தா உயில் எழுதினாரா? அவருக்கு எத்தனை பிள்ளைகள்?

பேவியூ_27
3 டிசம்பர், மதியம் 1.05

அக்கா, ராத்திரி தூக்கமே வரவில்லை. உயில் இல்லை என்கிறார் அம்மா. நான்கு பிள்ளைகள்: டோங்காட்டில் பெரியம்மா, மாமா, அம்மா, ஆஸ்திரேலியாவில் சின்ன மாமா.

பத்திர_அக்கா
3 டிசம்பர், மதியம் 1.40

உயில் இல்லை, ஆயாவும் முன்பே போய்விட்டார் என்றால் 1987-ஆம் வருஷ வாரிசுச் சட்டப்படி நான்கு பிள்ளைகளுக்கும் சமபங்கு. மகன், மகள் வித்தியாசம் கிடையாது, கல்யாணம் ஆனதா என்ற கேள்வியும் கிடையாது. அந்த வீட்டில் கால் பங்கு உன் அம்மாவுக்குச் சேர வேண்டியது, பாப்பா. அதையும் சேர்த்துத்தான் உனக்கு விற்கப் பார்க்கிறார்கள்.

ஃபீனிக்ஸ்_பையன்
3 டிசம்பர், மதியம் 2.00

நேற்று நான் சொன்னது தப்பு. இதை யோசிக்கவே இல்லை. எங்கள் பெரியப்பா வீடும் இப்படித்தான் தாத்தா பெயரிலேயே கிடக்கிறது.

வாடகையே_நிம்மதி
3 டிசம்பர், மாலை 5.15

எதற்கு இந்தத் தலைவலி? 27 வயதுதானே. வாடகை 4,800, பாண்ட் 6,380. வித்தியாசத்தைச் சேமியுங்கள், இன்னும் மூன்று வருஷம் கழித்துப் பாருங்கள். அவசரமென்றால் இப்போது டூ-பாட் வந்திருக்கிறதே, பென்ஷன் பணத்தில் ஒரு பகுதியை ஓய்வுக்கு முன்பே எடுக்க விடும் திட்டம், அதில் கொஞ்சம் எடுக்கலாம்.

பத்திர_அக்கா
3 டிசம்பர், மாலை 5.50

மூன்று வருஷம் பொறுப்பது தப்பே இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். டூ-பாட்டைத் தொடச் சொல்லாதீர்கள். 2024 செப்டம்பரில் அது தொடங்கியபோது எங்கள் அலுவலகத்திலேயே பல பேர் எடுத்தார்கள். எடுக்கிற பணம் அந்த வருஷச் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்குப் போகும். கைக்கு வருவது கேட்டதை விடக் குறைவு, வயதான காலத்துக்கு இருந்ததும் போச்சு.

ஓய்வாசிரியர்
3 டிசம்பர், இரவு 8.20

மகளே, நான் சாட்ஸ்வொர்த்தில் 31 ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றியவன். சட்டத்தை இந்த அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். அதற்கு முந்தைய கதையை நான் சொல்ல வேண்டும். உன் மாமாவிடம் நீ எப்படிப் பேசப்போகிறாய் என்பது அதில்தான் இருக்கிறது.

என் தகப்பனார் டர்பன் நகராட்சித் தொழிலாளி. மேகஸின் பேரக்ஸ் என்ற நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பில் நாங்கள் ஒற்றை அறையில் எட்டுப் பேர். அண்டை அயல் எல்லாம் தமிழும் தெலுங்கும்தான். கேட்டோ மேனரில் என் தாய்வழியினர் வாழ்ந்தார்கள், அவர்களுக்குச் சொந்த நிலம், வாழைத்தோட்டம், தகர வீடு இருந்தது. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரிக்க 1950-இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம் இரண்டு பக்கத்தையும் பெயர்த்தது. அறுபதுகளில் லாரிகளில் ஏற்றிக் கொண்டுவந்து சாட்ஸ்வொர்த்தில் இறக்கினார்கள். நிலம் வைத்திருந்தவரும் வைத்திராதவரும் ஒரே மாதிரி வீட்டு வாசலில் நின்றார்கள். கேட்டோ மேனர்க்காரர்களின் பத்திரம் அவர்களைக் காப்பாற்றவில்லை. அதனால் எங்கள் பெரியவர்களில் பலருக்குக் காகிதத்தின் மேல் நம்பிக்கை போய்விட்டது. வீட்டில் யார் இருக்கிறானோ அவனுடையது வீடு, குடும்பத்துக்குள் வாய்வார்த்தை போதும் என்று வாழப் பழகினார்கள்.

உன் மாமா ஏமாற்ற வந்தவர் என்று நான் நினைக்கவில்லை. அவருக்குத் தெரிந்த முறை அதுதான். தகப்பனைக் கடைசிவரை பார்த்தவர், 14 வருஷம் ரேட்ஸ் கட்டியவர் என்றால், அந்த வீடு தன்னுடையது என்று அவர் மனம் சொல்வதில் வியப்பில்லை.

ஆனால் அந்தப் பழக்கம் எங்கள் குடும்பத்துக்கு என்ன செய்தது என்பதையும் கேள். என் தமையனார் வீடு இன்றும் இறந்துபோன ஒருவர் பெயரில். மூன்றாம் தலைமுறையில் வாரிசுகள் 19 பேர். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பின்கரை சரிந்து சமையலறைச் சுவர் போனது. இன்ஷூரன்ஸ் எடுக்க உரிமையாளர் உயிரோடு இல்லை. செப்பனிடப் பாண்ட் கேட்டால் பாங்க் யாருக்குத் தரும்? தார்பாயைக் கட்டிக்கொண்டு இரண்டு குளிர்காலம் ஓட்டினார்கள்.

ஆகவே போ. ஆனால் கையில் சட்டத்தை எடுத்துக்கொண்டு போகாதே. அம்மாவை அழைத்துக்கொண்டு போ, டீ குடி, "நீங்கதான் தாத்தாவைப் பார்த்துக்கிட்டீங்க மாமா" என்பதை முதலில் சொல். அது உண்மை. எஸ்டேட் பேச்சை அதற்குப் பிறகு எடு.

லெனேசியா_அம்மா
4 டிசம்பர், காலை 7.00

ஐயா எழுதியதைப் படித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். ஃபர்ஸ்ட் ஹோம் ஃபைனான்ஸ் என்று அரசு உதவி இருக்கிறது, முன்பு ஃபிளிஸ்ப் என்பார்கள். மாதம் 3,501-இலிருந்து 22,000 வரை சம்பளம் உள்ளவர்களுக்கு, முதல் வீடு வாங்கும்போது. சம்பளம் கூடக் கூட உதவி குறையும், 20,000 என்றால் கீழ்முனைப் பக்கம்தான். ஆனால் திருப்பித் தர வேண்டாத பணம். தனி ஆளுக்குக் கிடைக்க, நம்மை நம்பி வாழ்கிறவர் ஒருவர் இருக்க வேண்டும். என் மகள் என்னைக் காட்டித்தான் வாங்கினாள். உன் அம்மா உன் சம்பளத்தில்தானே வாழ்கிறார், கேட்டுப் பார். சம்பளம் கூடி 22,000-ஐத் தாண்டிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

கடலோரம்
4 டிசம்பர், காலை 9.30

பிளாட் பக்கம் யாரும் போகவில்லையே என்று எழுதுகிறேன். டர்பன் கடற்கரை ஓரம் 400,000-க்குப் பிளாட் பார்த்ததும் ஆசை வரும். நானும் ஆசைப்பட்டு வாங்கினேன். லெவி (கட்டடப் பராமரிப்புக் கட்டணம்) மாதம் 2,600. வாங்கிய ஏழாவது மாதம் லிஃப்டுக்காக ஸ்பெஷல் லெவி 18,000 போட்டார்கள். 2016-இலிருந்து பாடி கார்ப்பரேட் (பிளாட் உரிமையாளர்களின் அமைப்பு) ரிசர்வ் பணமும் பத்து வருஷப் பராமரிப்புத் திட்டமும் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம். எங்கள் கட்டடத்தில் அந்தக் கணக்கைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டது என் தவறு. அம்மாவோடு இருக்கப் போகிற உங்களுக்கு, தாத்தா வீடு சட்டப்படி வருமானால் அதுவே மேல்.

பேவியூ_27
8 டிசம்பர், இரவு 10.15

ஞாயிற்றுக்கிழமை போனோம். ஐயா சொன்னதைப் போலவே முதலில் பேசினேன். மாமா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். 2011-இலிருந்து ரேட்ஸ் ரசீது, ஒன்றுகூடத் தவறாமல், ரப்பர் பேண்ட் போட்டு வருஷவாரியாக. அடியில் தாத்தாவின் டைட்டில் டீட் (வீட்டுப் பத்திரம்).

எஸ்டேட் என்றதும் கோபம் வந்தது. "நான் உன்னை ஏமாத்தறேன்னு சொல்றியா?" என்றார். நான் அழுதுவிட்டேன். அப்போது அம்மா பேசினார். வாழ்க்கையில் அண்ணனை எதிர்த்து அவர் பேசி நான் பார்த்ததில்லை. "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் மகன் இந்தக் காகிதத்தை மதிப்பானா அண்ணா? அவன் மனைவி மதிப்பாளா? நாளைக்கு இவளை வெளியே போன்னு சொன்னா நான் யார்கிட்ட போவேன்?" என்றார். மாமா ரொம்ப நேரம் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெரியம்மாவுக்கு அவரே போன் போட்டார்.

பத்திர_அக்கா, இந்த வழியில் போனால் என் பணத்துக்குள் அடங்குமா?

பத்திர_அக்கா
9 டிசம்பர், காலை 6.10

உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

மரணத்தை 14 நாளில் மாஸ்டர் ஆஃபீஸுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். 14 வருஷம் ஆகிவிட்டது. பயப்படாதே, தாமதமாகத் தெரிவிப்பதும் நடக்கிறது. நான்கு பேரும் சேர்ந்து ஒருவரை எக்ஸிக்யூட்டராகச் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். மாமாவையே சொல்லுங்கள், அவருக்கும் அது மரியாதை. வேலையை வக்கீல் செய்வார். கூலி எஸ்டேட்டின் மொத்த மதிப்பில் 3.5 சதவீதம் வரை, வாட் தனி. அதைக் குறைத்துக் கேட்கலாம், கேள்.

மதிப்பீட்டாளர் 480,000 என்று சொல்வதாக வைத்துக்கொள். ஆளுக்கு 120,000. அம்மாவின் பங்கை நீ பணமாகக் கொண்டுவர வேண்டாம் என்று எழுதிக்கொண்டால், மற்ற மூன்று பேருக்கும் சேர்த்து 360,000. அதற்குப் பாண்ட் போட்டால் 10.25 வட்டியில் 20 வருஷத்துக்கு மாதம் 3,534. இப்போது தரும் வாடகையைவிடக் குறைவு, உன் 30 சதவீதத்துக்குள் நன்றாக அடங்கும். மாமா சொன்ன ஆறே கால் வருஷத்தைவிட நீளம்தான். ஆனால் மாதம் 1,000 கூடுதலாகப் போட்டுக்கொண்டே வந்தால் வருஷம் நிறையக் குறையும். வக்கீல் செலவுக்கு உன் 85,000-இல் பாதி போகட்டும். மீதியைத் தொடாதே, கீசரை நினைத்துக்கொள்.

மாமா 14 வருஷம் கட்டிய ரேட்ஸை எஸ்டேட் செலவாகக் கணக்கில் வைக்கலாமா என்று வக்கீலிடம் கேளுங்கள். அந்த டின்னுக்கு மதிப்பு இருக்கிறது. அம்மாவின் பங்கு விஷயத்தையும் எழுத்தில் வையுங்கள், உங்கள் இரண்டு பேருக்குள்ளே என்றாலும்.

இன்னும் இரண்டு. பின்பக்கம் அவுட்பில்டிங் இருக்கிறதா? பிளான் பாஸ் ஆகியிருக்கிறதா என்று இதெக்வினி (டர்பன்) நகராட்சியில் கேள். இல்லையென்றால் பாங்கின் மதிப்பீட்டாளர் அங்கே நிற்பார், இன்ஷூரன்ஸ்காரரும் கேட்பார். கூரை பழைய அஸ்பெஸ்டாஸ் தகடா என்றும், பின்கரையில் தடுப்புச் சுவர் எந்த நிலையில் இருக்கிறது என்றும் மழை பெய்த மறுநாள் போய்ப் பார். வெஸ்ட்கிளிஃப் மேடு பள்ளமான இடம்.

டிசம்பர் 16-க்கு முன்னாலேயே பாதி அலுவலகங்கள் மூடிவிடும். ஜனவரியில் தொடங்கு.

ஃபீனிக்ஸ்_பையன்
9 டிசம்பர், காலை 8.00

அக்கா, உங்கள் பதிலை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பெரியப்பா வீட்டுக்கு நாங்களும் தொடங்கப்போகிறோம். வாரிசு எங்களுக்கு 11 பேர்.

பேவியூ_27
20 ஜனவரி 2026, இரவு 9.00

தாமதமாக எழுதுவதற்கு மன்னியுங்கள். பெரியம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். சின்ன மாமா ஆஸ்திரேலியாவில் சான்றளித்த காகிதங்களை அனுப்பியிருக்கிறார், தன் பங்கை இரண்டு வருஷம் கழித்துக்கூடத் தரலாம் என்றார். அதை ஒப்புக்கொள்ளவில்லை, எல்லோருக்கும் ஒரே நாளில் என்று சொல்லிவிட்டேன். மாமாதான் எக்ஸிக்யூட்டர். ஜோஹன்னஸ்பர்க் போவதை ஜூன் வரை தள்ளிவைத்திருக்கிறார்.

அவுட்பில்டிங்குக்குப் பிளான் இல்லை. தடுப்புச் சுவரில் ஓர் இடத்தில் விரல் நுழையும் அளவு வெடிப்பு. கூரை தகடுதான். இது மூன்றையும் காட்டி விலை பேசலாமா, இல்லை சொந்தத்தில் பேசக் கூடாதா என்று தெரியவில்லை.

பத்திர_அக்கா
20 ஜனவரி, இரவு 9.35

பேச வேண்டியது நீ இல்லை, மதிப்பீட்டாளர். அவர் வரும் நாளில் மாமாவும் பெரியம்மாவும் அங்கே இருக்கட்டும், வெடிப்பை எல்லோர் முன்னாலும் அவரிடம் காட்டு. அவர் எழுதும் தொகையை நான்கு பேரும் ஏற்பதாக முன்பே ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடு. வியாழக்கிழமை வக்கீலிடம் போகும்போது தாத்தா, ஆயா இருவரின் மரணச் சான்றிதழும் மூன்று மூன்று நகல், நான்கு பிள்ளைகளின் ஐடி நகல், அந்தப் பிஸ்கட் டின். டின்னை மாமாவே கொண்டுவரட்டும்.